என் காலில் விழுந்த புருஷன்

நாலு வருடத்துக்கு முன்னால், பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு காலையில், திருவொற்றியூர் கடலோரத்தில் இருக்கிற எங்கள் குப்பத்துக்கு என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தோம். போகும்போது முகமெல்லாம் வீங்கி, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியவர். திரும்பி வரும்போது என்னுடைய கிட்னி ஒன்று அவர் அடிவயிற்றில் இருந்தது.

அவர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர், நான் மீன் விற்கிறவள். பிரஷர் இருப்பதே தெரியாமல் இருந்து, இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய், டயாலிசிஸுக்கு அலைந்துகொண்டிருந்தார். யார் கொடுக்க முடியும் என்று டாக்டர்கள் கேட்டபோது மாமியாருக்கு சர்க்கரை என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்குப் பொருந்தியது, கொடுத்தேன். எல்லோரும் என்னைத் தியாகி என்றார்கள். உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் தியாகம் கீகம் எதுவும் என் மனதில் இல்லை. இந்த ஆள் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டம் சேர்க்காதீர்கள், கிருமி தொற்றும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் குப்பத்தில் அதை யார் கேட்பது? ஆட்டோ நின்றதும் தெருவே வந்து நின்றது. ஆரத்தி எடுத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"டேய், உங்கம்மா உன்னிய ஒரு தபா பெத்தா. இவ ரெண்டாந்தபா பெத்துகீறா. இனிமே உனுக்கு ரெண்டு அம்மாடா. வுயு கால்ல!"

முகமூடி போட்டபடியே என் வீட்டுக்காரர் என் காலில் விழுந்தார். குனியக் கூடாது என்பதால் இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்கள். பதறிப்போய் நான் அவரைத் தூக்கக் குனிந்தேன், விலாவில் என் தையல் சுரீர் என்றது. பெண்களெல்லாம் அழுதார்கள். நானும் அழுதேன். அந்த நிமிஷம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

அன்றைக்கு விழுந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு மாதம் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. புண் ஆற வேண்டும். அவர் நன்றாகத் தேற வேண்டும். எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும்தான். எனக்குத் துணையாக மாமியார் என் பக்கத்தில் படுத்துக்கொண்டார், வீட்டுக்காரருக்கு வாசல் பக்கம் தடுப்பு கட்டி ஒரு கட்டில் போட்டோம். பிறகு மாதங்கள் போயின. கட்டில் அங்கேயே இருந்தது.

அவர் என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். இதைக் கேட்டால் சில பெண்கள் கொடுத்துவைத்தவள் என்று நினைப்பார்கள். கல்யாணமானதிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை என்றால் அது ஒரு வாத்தியம் மாதிரி. குழம்பில் உப்பு என்று அவர் ஆரம்பிப்பார், உன் ஆத்தா வீட்டுக் குழம்பா என்று நான் எடுப்பேன், பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாளம் போடுவாள். அப்படிப்பட்டவர் இப்போது உப்பே போடாத பத்தியக் குழம்பை ஊற்றினாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். நான் உள்ளே வந்தால் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "டி" போட்டுப் பேசுகிற மனிதர், கூப்பிடுவதையே விட்டுவிட்டார். ஏதாவது வேண்டுமென்றால் தொண்டையைச் செருமுவார்.

ஊரும் அப்படியே ஆகிவிட்டது. மீன் கூடையை நான் தூக்கப் போனால் நாலு பேர் ஓடி வருவார்கள். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியபோது முதல் கரண்டியை என் கையால் ஊற்றச் சொன்னார்கள். மீன் மார்க்கெட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து விற்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் வாயிலிருந்து வருவதை எல்லாம் யாராவது எழுதி வைக்கலாம், அவ்வளவு ருசி. அவள்தான் ஒருநாள் சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாமே அம்மா, தீர்த்தம் எதுனா குடுப்பியா, இல்ல துன்னூறு மட்டும்தானா?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏம்மே, வூட்ல எதுனா பேஜாரா?"

"ஒண்ணும் இல்லடி. சாமிக்குப் பூ போடுவாங்க, கூட யாரும் படுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து மறுபடியும் செதில் சீவ ஆரம்பித்தாள். வாய் ஓயாத அவளே அப்படிக் குனிந்துகொண்டது எனக்குப் பயமாக இருந்தது.

பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு பகலில், மாமியார் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகக் கூடாது என்றிருந்ததால் அந்த வேலைதான் அப்போது. அவர் கையைப் பிடித்தேன். அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்தது.

"வோணாம்மே. பாவம்" என்றார்.

நான் பாவம் என்று சொன்னாரா, செய்தால் பாவம் என்று சொன்னாரா என்று நான் குழம்பவில்லை. அந்தக் குரலில் தெளிவாகவே இருந்தது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மனிதரின் குரல் அது. எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். கண்ணாடி இருக்கிற அறைக்குப் போக மனமில்லை. எவர்சில்வர் தட்டை எடுத்து, புடவையை விலக்கி, விலாவில் இருந்த தழும்பைப் பார்த்தேன். இதைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறதோ? அதைச் சொல்ல முடியாமல்தான் பாவம், அம்மா என்று பேசுகிறாரோ? முப்பத்தேழு வயதில் ஒரு தட்டுக்குள் என்னையே தேடிக்கொண்டு நின்றேன்.

இதை யாரிடம் கேட்பது? செக்கப்புக்கு மாதா மாதம் ஆஸ்பத்திரி போகிறோம். ரத்தம் எடுக்கிறார்கள், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கேட்கிறார்கள், கால் வீங்குகிறதா என்று அழுத்திப் பார்க்கிறார்கள். வெளியே அவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்றிருக்கிற இடத்தில், என் புருஷன் என்னைத் தொடவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

தீபாவளிக்கு முந்தின வாரம். வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். கண் மங்கலாகத் தெரிகிறது என்றார், வாந்தி எடுத்தார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரஷர் எகிறியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் கிட்னி சரியாக வேலை செய்யவில்லை என்று வந்தது. என் உடம்பிலிருந்து எடுத்து வைத்த கிட்னி.

வார்டில் எங்களைப் பார்த்தது ஒரு இளவயது பெண் டாக்டர். இரண்டு நாள் கழித்துக் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார்.

"மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடறீங்களா? எதையும் விடலையே?"

"போடறேன் மேடம்" என்றார் இவர்.

நானும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன், "என் கையாலதான் எடுத்துக் குடுக்கறேன் மேடம். என் கண்ணு முன்னால முழுங்குவாரு."

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாத்திரை எல்லாம் போட்டும் இப்படின்னா, உடம்பு அந்தக் கிட்னியை ஏத்துக்காம தள்ளுதோன்னு நான் பயப்படணும். நாளைக்குக் கிட்னியில ஊசி போட்டு சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். மருந்தையும் ரொம்ப வீரியமா மாத்தவேண்டி வரும். அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன். உண்மையைச் சொல்லுங்க."

இவர் கூரையைப் பார்த்தார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து லாரி ஓட்டுகிறவர். ஆள் ஆஜானுபாகு, மீசை மட்டும் தனியாக ஒரு ஆள் கணக்கு. முழங்கையில் டயாலிசிஸ் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. அவருக்கு அவர் அம்மா கொடுத்த கிட்னி ஆறேழு வருடம் ஓடிவிட்டுக் கெட்டுப்போய், மறுபடியும் மெஷினுக்கு வந்துவிட்டவர். கை நரம்பில் ஏதோ அடைப்பு என்று படுத்திருந்தார். வார்டுக்கே அவர்தான் ரேடியோ. நர்ஸுக்கு ஒரு பேர், ஸ்டாண்டில் தொங்குகிற பாட்டிலுக்கு ஒரு பேர். வந்த நாளிலிருந்தே என் வீட்டுக்காரரை "மாமு" என்றும் என்னைத் "தங்கச்சி" என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் திரும்பிக் கிளம்பிய நேரம் அவர் குரல் கொடுத்தார்.

"டாக்டரம்மா, ஒரு நிமிட்டு. என் கேஸு ஒண்ணு கீது, கேட்டுட்டுப் போங்க."

"உங்களை அப்புறம் பாக்கறேன்."

"இல்லம்மா, இத்த இப்பவே சொல்லணும். அப்பால வெக்கம் வந்துரும்." எழுந்து உட்கார்ந்துகொண்டார். "எங்கம்மா குடுத்த கிட்னி ஏன் பூட்ச்சி தெரியுமா? நான்தான் கெட்த்தேன். பிரஷர் மாத்திரய உட்டுட்டேன். ஏன் உட்டேன்? பொண்டாட்டிகிட்ட போவ முடியல. ஆம்பள சமாச்சாரம் பட்த்துகிச்சி. எவனோ ஒரு தோஸ்து, மாத்திரதான்டா காரணம்னான். யார்கிட்டயும் கேக்காம நானே நிறுத்திட்டேன். டாக்டருங்க கேட்டாங்க, ஒயுங்கா போடறியான்னு. போடறேன் போடறேன்னு டபாய்ச்சிகினே இருந்தேன். கடேசில எங்கம்மா கிட்னி பூட்ச்சி."

மூலைக் கட்டிலில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். இன்னொருவன், "அண்ணே, மீசய எத்துட வேண்டிதான்" என்றான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். நம் லாரிக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரையும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஏன் அப்பவே சொல்லல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எப்டிம்மா சொல்றது? சுத்தி அத்தினி பேரு. போதாக்கொறைக்கு டாக்டரு பொம்பளயா வேற இருந்துட்டா, நாக்கு ஒட்டிக்கும்."

எங்கள் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் தலையணைக்குக் கீழே கையை விட்டு, காகிதத்தில் சுருட்டி வைத்திருந்த மாத்திரைகளை எடுத்து என் கையில் வைத்தார். நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துவிட்டு, நான் திரும்பியதும் துப்பியவை.

"எனுக்கும் அதான் மேடம்" என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

டாக்டர் எங்களை நர்ஸ்கள் உட்காரும் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த மாத்திரையை விட்டார்? பிரஷருக்கான ஒன்றை மட்டும்தான். கிட்னி ஒட்டிக்கொள்வதற்கான மாத்திரையில் கை வைக்கவில்லை. எப்போதிலிருந்து உடம்பு இப்படி? டயாலிசிஸ் போகும்போதே ஆரம்பித்துவிட்டதாம். அந்த நாட்களில் அதை நான் அசதி என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கிட்னி கெட்டால் உடம்பில் எல்லாமே வாடும், இதுவும் வாடும். புதுக் கிட்னி வைத்த பிறகு பலருக்குத் தேறிவிடும், சிலருக்குத் தேற நாளாகும். பிரஷரால் வரலாம், சில மாத்திரைகளால் வரலாம், மனதில் இருக்கிற பயத்தாலும் வரலாம். மாத்திரைதான் காரணம் என்றால் வேறு மாத்திரை மாற்றித்தர வழி இருக்கிறது. தானாக நிறுத்தினால் கிட்னி போய்விடும். அதற்கென்று கடையில் விற்கிற மாத்திரையையும் இஷ்டத்துக்கு வாங்கிப் போடக் கூடாது, மற்ற மருந்தோடு மோதிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கேட்டால் பரிசோதனை பண்ணிப் பார்த்து டாக்டரே கொடுப்பார். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் அதற்கு முன்னால் வந்து கேட்க வேண்டும்.

இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், "கிட்னி எடம் மாறிடாதா மேடம்? நசுங்கிட்டா?"

"புண்ணு ஆறி எவ்வளவோ நாளாச்சு. அது கெட்டியா உக்காந்திருக்கு. புருஷன் பொண்டாட்டி சேர்றதால அதுக்கு ஒண்ணும் ஆகாது."

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படி இருக்கு? வலி இருக்கா? மனசுல ஏதாவது பயம் இருக்கா?"

கிட்னி கொடுத்த பிறகு என்னிடம் ரத்தம் கேட்டிருக்கிறார்கள், சிறுநீர் கேட்டிருக்கிறார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த விஷயத்தில் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு அழுகை வந்தது. தழும்பைப் பற்றிச் சொன்னேன். அதனால்தான் ஒதுங்குகிறாரோ என்று நினைத்ததைச் சொன்னேன்.

இவர் பதறிவிட்டார். "ஐயோ, அது இல்ல மேடம்! அவங்க எனுக்கு அம்மா மாதிரி. ஊரே பாக்க கால்ல வுயுந்துகீறேன். அப்பால எப்டி அவங்கள..."

அவங்க. என்னைத்தான் சொல்கிறார். அந்த ஒரு வார்த்தையில், இத்தனை மாதம் சேர்த்து வைத்த கோபம் மொத்தமும் வந்தது.

"யாருய்யா அவங்க? நான் இன்னா உன்ன பத்து மாசம் சொமந்தனா? முடி எறக்கி, மொட்ட அட்ச்சி, காது குத்துனனா? உங்கம்மா வூட்ல கல்லு கணக்கா குந்தினுகீது, அது போதாதா உனுக்கு? புருஷன் வோணும்னு குட்த்தேன்யா கிட்னி. புள்ள வோணும்னு குடுக்கல!"

டாக்டர் முகமூடியைச் சரிசெய்கிற மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை.

"இன்னா வாய்டி உனுக்கு" என்றார்.

அந்த "டி"யைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது!

அப்புறம்தான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். முடியாமல் போனதை மறைக்க அந்த அம்மா என்கிற வார்த்தை அவருக்குத் தோதாகக் கிடைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். ஒளிந்தவரை அதே வார்த்தை வெளியே வரவிடாமல் கட்டிப் போட்டுவிட்டது. பாவம் என்று சொல்லி என்னை விலக்கியவர், திருட்டுத்தனமாக மாத்திரையைத் துப்பியதோ என் பக்கத்தில் வருவதற்காகத்தான். அந்த மனிதரைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா?

மாத்திரை விட்டது தெரிந்ததால் முதலில் பிரஷரை இறக்கிப் பார்ப்போம் என்றார்கள். பிரஷர் இறங்கியது, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்னியும் தெளிந்தது. ஊசி போட்டுச் சதை எடுக்கத் தேவைப்படவில்லை. இன்னும் சில வாரம் இப்படியே போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று பெரிய டாக்டர் கண்டித்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த மறுநாளே குழம்பில் உப்பில்லை என்று இவர் ஆரம்பித்தார். உனக்கு உப்பு போட்டால், மறுபடி குடுக்க எனக்கு இன்னொரு கிட்னியா இருக்கு என்று நான் எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தாளச் சத்தம் கேட்டது. மாமியார் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். நான் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பாயைச் சுருட்டினார்.

"நான் காத்திவாக்கத்துல பொண்ணு வூட்டுக்குப் போறேன். எறா சீசனு, அவளுக்கு ஒத்தாச இல்ல. நீங்க ரெண்டு பேரும் இங்க ஒண்டியா சண்ட போட்டுகினு கெடங்க."

போகும்போது தெருவில் நின்று பொதுவாக ஒரு அறிவிப்பும் கொடுத்துவிட்டுப் போனார்: "மத்தியானத்துல எவளும் இங்க வந்து கதவத் தட்டாதீங்கோ. மாத்திர முழுங்கிட்டு எம்புள்ள தூங்குவான்!"

கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இரவு என்பது பாதிதான். விடியலுக்கு முன்பே படகு இறங்கிவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் புருஷன் பொண்டாட்டி நேரம் என்றால் மதியம்தான். மதியத்தில் சாத்திய கதவை யாரும் தட்ட மாட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கதவு மட்டும் ஊருக்கே திறந்து கிடந்தது, சாமியைப் பார்க்க வருகிற மாதிரி வந்து போனார்கள். மாமியார் அன்றைக்கு அதை மூடிவிட்டுப் போனார்.

அந்த மதியம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் என் விலாவில் கை வைத்து, வலிக்கிறதா என்று கேட்டார். மழை வருகிறதற்கு முன்னால் இழுக்கும் என்றேன். தனக்கும் அப்படித்தான் என்றார். இரண்டு பேரும் அவரவர் தழும்பைக் காட்டி, யாருடைய தையல் அழகு என்று சண்டை போட்டோம். வாசல் கட்டிலை அவரே எடுத்துச் சாத்தி வைத்தார்.

பிறகு மாத்திரை மாற்றினார்கள். பரிசோதனைகள் பண்ணினார்கள். கொஞ்ச நாள் கழித்து, பிரஷர் கட்டுக்குள் வந்ததும், டாக்டரே பார்த்து இதற்கென்று ஒரு மாத்திரையும் கொடுத்தார். மந்திரம் போட்ட மாதிரி எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். சில நாள் முடியும், சில நாள் முடியாது. முடியாத நாளில் முன்பெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். இப்போது கையைப் போட்டுக்கொண்டு அங்கேயே தூங்கிவிடுகிறார், குறட்டைதான் தாங்கவில்லை.

அடுத்த கோடையில் ஒரு செக்கப் நாளில், ஆஸ்பத்திரி வராந்தாவில், அன்றைக்கு வார்டில் துணைக்கு இருந்த அந்த லாரிக்காரர் மனைவியைப் பார்த்தேன். அவர் உள்ளே டயாலிசிஸில் இருந்தார். என் வீட்டுக்காரர் ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு வார்டில் வெட்கத்தை விட்டுப் பேசியதால்தான் என் புருஷனுக்கு வாய் வந்தது, கிட்னியும் பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம் என்று சொன்னேன். உங்களுக்கும் எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று ஆறுதலாகவும் ஏதோ சொன்னேன்.

அந்த அம்மா முழித்தாள். "இன்னா பேசினாரு? நான் அப்ப கேன்டீனுக்குப் போய்கினு இருந்திருப்பேன்."

நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் முதலில் சிவந்தது.

"அடப்பாவி மனுசா! அந்த மாதிரியா சொன்னான்? மாத்திர நேரம் ஒரு நிமிட்டு தவறுனாலே லாரிய ஓரங்கட்டி நிறுத்துற ஆளு அவரு. மொதல்ல கிட்னிய கெட்த்த அதே வியாதி திரும்பி வந்துச்சினுதான் டாக்டருங்க சொன்னாங்க. அத்தோட எங்க கடேசிப் பையன் பொறந்ததே ஆபரேசனுக்கு அப்புறந்தான்!" என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். "என் மானத்தயும் சேத்துல்ல ஏலம் போட்டுட்டு வந்துகீறாரு!"

டயாலிசிஸ் முடிந்து அவர் வெளியே வந்ததும் அவள் நேராகவே கேட்டாள், "இன்னாய்யா, வார்டுல இன்னா கத சொன்னே?"

அவர் என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார். பஞ்சு ஒட்டியிருந்த கையை மெல்ல அமுக்கிக்கொண்டே சொன்னார்:

"மாமு மாத்திரய தலகாணி கீய சொருவுனத நான் பாத்துட்டேன் தங்கச்சி. ஏன்யான்னு தனியா கேட்டேன், ஒண்ணும் இல்லன்னுட்டாரு. ஆனா ராவெல்லாம் முயிச்சினு உன்னியே பாத்துகினு இருந்தாரு. இன்னா மேட்டருன்னு எனுக்கு புரிஞ்சி பூட்ச்சி. டாக்டர்கிட்ட நான் போட்டுக் குட்த்தா அந்தாளு அன்னியோட வாய மூடிக்குவாரு. அதான்."

"அதுக்குன்னு இப்டியா? அத்தினி ஆம்பளைங்க முன்னால?" என்றாள் அவர் மனைவி.

"சிரிச்சானுங்க, அவ்ளோதான. சிரிச்சா மீச கொட்டிடுமா? நாஸ்டா துன்னலாம் வா, பசி உயிரு போவுது" என்று நடந்துவிட்டார்.

என் வீட்டுக்காரரிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் "பாவம்டி அந்த ஆளு, அவுருக்கு செரியாச்சா, கேட்டியா?" என்று அக்கறையாக விசாரிக்கிறார். தன்னைப் போல இன்னொருவரும் இருக்கிறார் என்கிற எண்ணம் அவருக்கு ஏதோ தெம்பு கொடுக்கிறது. அதை எடுத்துவிட எனக்கு மனமில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும், அதற்குள் அவருக்கே சிரிக்கத் தெரிந்திருக்கும்.

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு மீசையும் வாயும்தான் சொத்து. அந்த மனிதரோ, பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவருக்காக, வார்டு நிறைய ஆண்கள் சிரிக்க, தன்னைப் பற்றி இல்லாத குறையைச் சொல்லிக்கொண்டு எங்களுக்கு வழி விட்டார். அதனால்தான் இப்போது செக்கப் வரிசையில் புதிதாக வந்த தம்பதி யாராவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தால், அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் எதுவும் கேட்பதற்கு முன்னால் என் கதையை நானே சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன்.